முசாபிர் அறையில் மிளகு மூட்டைகள்

எங்கள் பழைய வீட்டின் மேல் எனக்குப் பெரிய பாசம் எதுவும் இருந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்லேபொலையில் பாதையோரமாக இருந்த அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் மரத்தூண்களையும் முகட்டையும் அண்ணாந்து பார்த்து ஆகா என்பார்கள். அவர்கள் போன பிறகு மழை பெய்தால் ஒழுக்குக்கு வாளி வைப்பவள் நான். கூரைக்குள் மரநாய்கள் குடும்பம் நடத்தின. ஓர் ஓடு உடைந்தால் நினைத்தபடி மாற்ற முடியாது. இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், அனுமதியின்றிக் கை வைக்கக் கூடாது என்று வாசலில் மூன்று மொழியில் பலகை நட்டிருந்தார்கள். அனுமதி கேட்டு, அது வந்து சேர்வதற்குள் பக்கத்து ஓடும் உடைந்துவிடும்.

அதற்காக நாங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். என் மூத்த சகோதரர், நான் நானா என்று கூப்பிடுபவர், பின்பக்கக் குளியலறைக்கு ஒருவருக்கும் தெரியாமல் வெள்ளை டைல் பதித்தார். பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்றால் மதினி அதன் வாசலில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு, "உள்ளுக்குப் பொம்புளப்புள்ள குளிக்கிது" என்பாள். அந்தப் பொம்பளைப் பிள்ளை நான்தான். தலை நரைத்த பிறகும் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சேலைக்குப் பின்னால் தண்ணீரை அள்ளி ஊற்றிச் சத்தம் காட்டியிருக்கிறேன்.

உண்மையில் பலகை வந்ததற்குக் காரணம் தூண்களோ முகடோ அல்ல, முன்பக்கத்து ஓர் அறை. எங்கள் வாப்பாவின் மூத்தாப்பா, அதாவது பாட்டனார், மாட்டின் முதுகில் மிளகும் பாக்கும் ஏற்றி ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்தவர். மழையில் நனைந்து மரத்தடியில் படுத்த ஞாபகத்தில், வீடு கட்டும்போது வழிப்போக்கர்களுக்கென்று முதலில் அந்த அறையைக் கட்டினாராம். முசாபிர் அறை என்போம். அதற்குப் பாதைப் பக்கமாகத் தனிக் கதவு. வெளியே பூட்டு கிடையாது. உள்ளே படுப்பவர் போட்டுக்கொள்ள ஒரு தாழ்ப்பாள் மட்டும். அந்தி மகரிபுத் தொழுகைக்கு முன்னால் வீட்டார் அங்கே குடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். யார் வந்தாலும் சோறு கொடுக்க வேண்டும். யார், எந்த ஊர், என்ன மதம் என்று கேட்கக் கூடாது. வந்தவர் காலையில் சொல்லிக்கொள்ளாமல் போகலாம். நன்றி வாங்குவது வீட்டாருக்கு ஆகாது என்பது மூத்தாப்பாவின் கட்டளை. பாய் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்.

பஸ் பெருகிய பிறகு வழிப்போக்கர்கள் குறைந்தார்கள். கடைசியில் ஒழுங்காக வந்தவர் ஒருவர்தான். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் உபதேசியார், கத்தோலிக்கர். எங்கள் பக்கம் சிதறிக் கிடந்த நாலைந்து கத்தோலிக்க வீடுகளில் செபம் சொல்லிக்கொடுக்க மாதமொரு தடவை வருவார். திரும்பிப் போகக் கடைசி பஸ் தப்பிவிடும். நாங்கள் கேட்காமல் அவராகவே சொன்னதால் இவ்வளவும் தெரியும். சுவரில் ஓர் ஆணியில் செபமாலையைத் தொங்கவிடுவார். பள்ளியில் பாங்கு சொன்னால் தன் செபத்தை நிறுத்திவிட்டு, முடிந்த பிறகு தொடர்வார். மதினி வைக்கிற பலாக்காய்க் கறிக்கு மட்டும் இரண்டாம் தரம் சோறு கேட்பார்.

பிறகு அதிவேகப் பாதை வந்தது. முதலில் சிவப்புச் சாயம் பூசிய கட்டைகளாகத்தான் வந்தது. அளந்துகொண்டு போனவர்கள் ஒரு கட்டையை எங்கள் கிணற்றடியிலும் இன்னொன்றைப் பாதை வாசலிலும் அடித்தார்கள். வீடு நடுவில். நானாவின் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தை அவருடைய கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை. நஷ்டஈடு கிடைக்கும், யட்டவத்தையில் ஒழுகாத வீடு கட்டலாம். எனக்கும் ஆசைதான். பொய் சொல்வானேன், குளியலறைக்கு என்ன நிற டைல் என்று நான் மனதுக்குள் தெரிவு செய்தே விட்டேன்.

ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தை உடைக்க முடியாது. முதலில் பாதுகாப்பை நீக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் விளக்கம் சொன்ன அதிகாரி, அந்த அறையின் வழக்கம் அற்றுப்போயிருந்தால் நீக்குவது லேசு, இன்னும் நடக்கிறதென்றால் பாதையைச் சற்றுத் தள்ளிப் போடச் சொல்லவும் இடமுண்டு என்றார். தள்ளிப் போட்டால் எங்கள் கதை முடிந்தது. ஒழுகுகிற வீடும் கிடக்கும், பக்கத்திலே பாதையின் இரைச்சலும் கிடக்கும், கையில் ஒன்றும் வராது.

"அந்த அறையிலதான் எல்லாம் ஈக்கி," என்றார் நானா. "இப்ப ஆரு வாற? அந்த உபதேசியார் ஒருத்தர்தானே. ஒருத்தர் வாறதுக்குப் பேர் வழக்கமா?"

"பரிசோதிக்க வாற நாளைக்கு அவர் வராட்டிச் சரி," என்றாள் மதினி.

நானும் சும்மா இருக்கவில்லை. குடத்தை எடுத்து அடுப்படியில் வைத்தது நான். மிளகு மூட்டைகளை அந்த அறைக்குள் அடுக்கினால் களஞ்சியம் மாதிரித் தெரியும் என்று யோசனை சொன்னதும் நான். எங்களிடம் இருந்த மிளகு இரண்டு மூட்டைக்கே காணாது. ஆகவே நானா மில்லிலிருந்து உமி கொண்டுவந்து மற்றச் சாக்குகளில் அடைத்தார். கட்டில் தெரியாத அளவுக்கு மூட்டை அடுக்கினோம். சேலைக்குப் பின்னால் டைலை மறைத்த குடும்பம், இந்த முறை சேலையைக் கழற்றிவிட்டு டைலைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்தது. இந்த வீட்டில் பழையது ஒன்றும் மிஞ்சவில்லை என்று காட்ட வேண்டுமே.

காலையில் வர வேண்டிய உத்தியோகத்தர் பின்னேரம்தான் வந்தார். சிங்களப் பெண்மணி, அமைதியாகப் பேசினார், குடையை வெளியிலேயே மடக்கி வைத்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குளியலறையைக் காட்டினோம். சீமெந்து பூசிய இடங்களைக் காட்டினோம். எங்கள் களவுகளையெல்லாம் நாங்களே வரிசையாகக் காட்டிக் கொடுத்தோம். அவர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, கடைசியில் முசாபிர் அறையைக் கேட்டார்.

நானா வீட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தார். உள்ளே மூட்டைகளுக்கு நடுவே, நனைந்த சட்டையோடு, பையை மடியில் வைத்துக்கொண்டு உபதேசியார் உட்கார்ந்திருந்தார். மழைக்குப் பயந்து அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார். பாதைக் கதவில்தான் பூட்டு இல்லையே.

உத்தியோகத்தர் எங்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஐயா இங்கே தங்க வந்தவரா?" என்று சிங்களத்தில் நேரே அவரிடமே கேட்டார்.

ஆம் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். உபதேசியார் குடம் இருந்த இடத்தைப் பார்த்தார். கட்டில் மேல் இருந்த மூட்டைகளைப் பார்த்தார். பிறகு நானாவின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எங்களை முழுக்க விளங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"இல்லை அம்மணி," என்றார் சிங்களத்தில். "நான் மிளகு வாங்க வந்தவன்."

சொன்னதோடு நிற்காமல், வியாபாரி செய்கிற மாதிரி பக்கத்து மூட்டையின் வாயைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டார். அது உமி மூட்டை. பொத்திய கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து, "இன்னும் காய வேண்டும்," என்று சொல்லி உள்ளேயே போட்டு வாயைக் கட்டினார். ஈரக் கையில் உமி ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் மறைவாகத் துடைத்துக்கொண்டார்.

உத்தியோகத்தர் மூலையில் நின்ற பாயைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். "மிளகு காயப் போடுற பாய்," என்றேன் நான். அது மட்டும் என் வாயிலிருந்து தங்குதடையில்லாமல் வந்தது.

"விலை பேச இன்னொரு நாளைக்கு வருகிறேன்," என்று நானாவிடம் சிங்களத்திலேயே சொல்லிவிட்டு, உபதேசியார் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதைக் கதவால் இறங்கினார். கொட்டுகிற மழையில் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நாங்கள் ஒருவரும் மறிக்கவில்லை. மறித்தால் பொய் வெளுத்துவிடும். அன்று அடுப்பில் பலாக்காய்க் கறிதான் இருந்தது. எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

பாதுகாப்பு நீங்கியது. பலகையைப் பிடுங்கினார்கள். வீட்டை உடைக்க ஒரு பகல் கூட முழுசாகத் தேவைப்படவில்லை. நான் அழவில்லை, மரநாய்களுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. யட்டவத்தையில் வீடு கட்டிக் குடி புகுந்தோம். உபதேசியார் விலை பேச வரவேயில்லை.

நஷ்டஈட்டில் மிஞ்சியதை வைத்து நானாவும் மதினியும் உம்ராவுக்கென்று மக்காவுக்குப் புறப்பட்டார்கள். புறப்படுமுன் தெரிந்தவர், உறவுக்காரர், சண்டைக்காரர் எல்லோரிடமும் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். நானா வேலிச் சண்டை பிடித்தவரிடம் கூடப் போய்க் கையைப் பிடித்தார்.

"உபதேசியாருக்கிட்டப் போகல்லையா?" என்று கேட்டேன்.

"அவருக்கு நாங்க என்ன செஞ்ச? அவராத்தானே சொன்னாரு," என்றார் நானா. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அவ்வளவு தூரம் போக இப்ப நேரம் ஏலா," என்றார்.

ஆகவே நான் போனேன். எல்கடுவ பஸ்ஸில் இறங்கித் தேயிலைக்கு நடுவால் ஏறிப் போகும்போது, கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள். உபதேசியார் என்றேன். "எந்த உபதேசியாருங்க? பழையவரா புதியவரா? பேரு என்ன?" எனக்குப் பேர் தெரியாது. எத்தனையோ வருடம் எங்கள் வீட்டில் சோறு தின்ற மனிதரின் பேர் தெரியாது. பேர் கேட்காததைப் பெருமை என்று வளர்ந்தவள், அந்தப் பாதையில் திருடி மாதிரி விழித்துக்கொண்டு நின்றேன்.

பழையவர்தான். லயத்து வரிசையில் கடைசி வீட்டில் மகனோடு இருந்தார். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீக்குச் சொன்னார். முழங்கால் வருத்தத்தால் கோயில் வேலையை விட்டுவிட்டாராம். அதனால்தான் பல்லேபொலைப் பக்கம் வரவில்லை என்று, ஏதோ தான் பிழை செய்தவர் மாதிரி விளக்கம் சொன்னார்.

"எங்களுக்காகப் பொய் சொன்னீங்க," என்றேன். "மழையில போகவும் விட்டோம். மாப்புச் செய்யணும்."

"அட, அத விடுங்கம்மா," என்று சிரித்தார். "நான் அப்பவே சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். மிளகு யாவாரின்னு பொய் சொன்னேன்னு சொன்னதும் சாமியாருக்கே சிரிப்பு வந்துருச்சி. யாருக்காகச் சொன்னீங்கன்னு கேட்டாரு. சாப்பிட்ட வீட்டுக்காகன்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலும். ஆறுதலாகக் கேட்டார்: "புது வீட்டுல அந்த அறைய எந்தப் பக்கமா வச்சிருக்கீங்க? ரோட்டுப் பக்கந்தானே?"

புது வீட்டுக்குப் படம் கீறியபோது அறைகள் ஒவ்வொன்றையும் பற்றி நாங்கள் சண்டை பிடித்தோம். அந்த அறையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. அது எனக்கு அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

"ஓம்," என்றேன். "ரோட்டுப் பக்கந்தான்."

"அதானே! நீங்க விடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். வெளிய பூட்டு வைக்கலியே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். மாப்புக் கேட்கப் போன இடத்திலேயே அடுத்த பொய்யையும் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். முழங்கால் கொஞ்சம் சரியானதும் ஒரு நாளைக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லி, லயத்து முனை வரைக்கும் என்னோடு நொண்டிக்கொண்டு வந்து வழியனுப்பினார்.

ரோட்டுப் பக்கம் எங்களுக்கு இருப்பது கராஜ். நானாவின் வேன் நிற்கிறது, இழுத்து மூடுகிற இரும்புக் கதவு. உம்ராவிலிருந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. "வந்தா ஹோல்ல படுக்கட்டும். அதுக்கென்ன," என்றார்.

வரட்டும், ஹோலில் படுக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் உபதேசியார், பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று மணியை அடிக்க வேண்டும். பின்னேரங்களில் மணி அடிக்கும்போதெல்லாம் மதினி ஜன்னல் திரையை விலக்கி, "ஆரு?" என்று கேட்கிறாள். எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான். அடுப்படியில் நிற்கிற நான் கை வேலையை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காது கொடுக்கிறேன். அவர் வரக் கூடாது என்று அல்லாஹ்விடம் துஆ கேட்கிற அளவுக்கு நான் வந்துவிட்டேன்.