ஓடும்போது குளிர்ந்த காற்று

நசீர் பாய் மறைந்ததை நம்மோடு வேலை பார்த்த தேவராஜ்தான் போனில் சொன்னார். "பாய் போய்ட்டாருப்பா." எந்த பாய் என்று கேட்டேன். நமக்கு இருந்தது ஒரே பாய் என்று தெரிந்தும் கேட்டேன்.

எண்ணூர் தொழிற்சாலையின் இன்ஜின் சோதனைப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஓய்வுக்குப் பிறகு நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் இர்ஃபான், அப்பாவின் பழைய காருக்குப் பளபளப்பான காற்றுக்குழாய் ஒன்று அனுப்பியிருந்தான். கம்பெனி பொருத்திய மூடிய பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த ஃபில்டரோடு இதை மாட்ட வேண்டும். இன்ஜினுக்குள் குளிர்ந்த காற்று போகும், இழுவை கூடும் என்று அட்டையில் போட்டிருந்தது. மகன் ஊருக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. "எம்புள்ள அனுப்பினது. காத்து சில்லுனு போவுதானு நீ அளந்து சொல்லு மாமு" என்றார் நசீர். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இரண்டு நாளும் ஒரே நேரத்துக்குக் கிளம்பி, முதல் நாள் கம்பெனி பெட்டியோடும் மறுநாள் மகனின் குழாயோடும் போனோம். காற்று உள்ளே நுழையும் இடத்தில் வெப்பமானியின் ஒயரைச் செருகி, கருவியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். சரியாகச் செருகினேனா என்ற சந்தேகம் இன்றும் உண்டு. கடலோரம் வண்டி ஓடும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களுக்குப் பின்னால் நின்றதும், திறந்த ஃபில்டர் பானெட்டுக்கு அடியில் தேங்கிய சூட்டையெல்லாம் இழுக்க ஆரம்பித்தது. முன்பக்கத்துக் காற்றை எடுக்கும் கம்பெனி பெட்டியில் முந்தின நாள் சூடு அவ்வளவு ஏறவில்லை. கருவியை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"இன்னா மாமு, மூஞ்சியே சொல்லுதே. எம்புள்ள தோத்துட்டானா?"

"நிக்கும்போது மட்டும்தான் பாய்."

அன்றே மகனிடம் போனில் பேசினார். "ஓடறப்போ சில்லுனு காத்து போவுதுடா! மாமு மெஷின் வெச்சுப் பாத்தாரு." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பொய்யா சொன்னேன்? நின்னுகினு இருந்தா இன்னா ஆவும்னு அவன் கேக்கவேயில்ல." பழைய பெட்டியை அவர் திரும்ப மாட்டவில்லை. டிரெய்லர்கள் குறைந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் வண்டியை எடுத்தார். பக்கத்தில், மடியில் கருவியோடு நான்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் இர்ஃபானால் வந்து சேர முடிந்தது. கல்மண்டபத்தில் பாயின் வீட்டு வாசலில் காரின் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான்.

"அங்கிள், நீங்கதானே அளந்தீங்க. இது நெஜமாவே நல்லா இருந்துச்சா, இல்ல எனக்காக மாட்டிகினு இருந்தாரா?"

கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். அன்று வந்தது.

"ரெண்டும்தான் தம்பி. ஓடும்போது நல்லா இருந்துச்சு. நிக்கும்போது உனக்காக."

அவன் பானெட்டை மூடவில்லை. அதன் அடியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

நசீரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. திருவொற்றியூர் தாண்டி, சாலை காலியானதும் வேகத்தைக் கூட்டுவார். முன்னால் பார்த்தபடியே கேட்பார்: "சூடு எறங்குதா மாமு?" இப்போதும் ஞாயிறு விடிந்தால் பதில் சொல்லத் தயாராகத்தான் எழுந்து உட்காருகிறேன். எறங்குது பாய். நல்லாவே எறங்குது.