கேரம் பலகையை எரித்துவிடும் என்று ஜெபித்தேன்

என் மகள் ஸ்டெல்லாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. எழுபத்தொன்றாம் வருடம், தவக்காலம் தொடங்கிய சமயம். காய்ச்சல் விட்டதும் வலது கால் துவண்டுவிட்டது. தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ஒருவர் இடுப்பைப் பிடிக்க இன்னொருவர் காலை நீட்டி மடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்? என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஷிப்டு முடிந்ததும் நேராகக் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கேரம் கிளப்புக்குப் போய்விடுவார். குடிப்பதில்லை. காசு வைத்து ஆடுவதும் இல்லை. அதனாலேயே என் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. "குடிக்காத புருசன் கெடச்சதுக்கு நீ கோயில்ல மெழுகுவத்தி ஏத்தணும்" என்றாள் என் நாத்தனார். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் விரல் தரையைச் சுண்டிக்கொண்டே இருக்கும். பிள்ளை வலியில் அலறும்போது, "சைடு அடிச்சிருந்தா ரெட்டு வுயுந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சிவப்புக் காய் குழியில் விழுந்திருக்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் முழங்காலால் அவள் இடுப்பை அழுத்திக்கொண்டு காலை மடக்குவேன். அவள் கடிப்பாள், என் முடியைப் பிடித்து இழுப்பாள். அவளுக்கு நான் வலி கொடுப்பவள். எப்போதாவது மிட்டாயோடு வரும் அப்பா நல்லவர். ஒத்தடத் துணி பிழிந்து என் உள்ளங்கை கொப்பளித்தது. சரியாகத்தான் செய்கிறேனா, நானே அவள் எலும்பைக் கெடுக்கிறேனா என்று பயந்தே செத்தேன். பிள்ளை எப்படியிருக்கிறாள் என்று கேட்டவர்கள் உண்டு. நீ எப்படியிருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜெபித்தேன். முதலில் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தபடி பணிவாக. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆண்டவரே, அந்தப் பலகையை எரித்துவிடும். உமக்குக் காது உண்டென்றால் எரித்துவிடும்." இப்படிப் பேசலாமா என்று உடனே பயந்து சிலுவை போட்டுக்கொள்வேன். மறுநாளும் அதையே சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, ஸ்டெல்லா என் பிடியிலிருந்து திமிறி, தலையைச் சுவரில் இடித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்கே நடந்தேன். பெண்கள் யாரும் நுழையாத இடம்.

"இன்னாம்மே, இங்க இன்னா வேல ஒனக்கு? வூட்டுக்குப் போ" என்றார் அவர், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பிடிங்க இவள. இனிமே தனியா செய்ய மாட்டேன். இங்கயே செய்யலாம்."

நடு ஆட்டத்தில், காய்களின் மேலேயே, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எதிரில் ஆடிக்கொண்டிருந்த மாணிக்கம் துள்ளி எழுந்தான்.

"யோவ், கெலிக்கிற ஆட்டம்யா! இன்னாயா இது பேஜாரு? பொண்டாட்டிய அடக்கத் தெரில, கிரேன் ஓட்றாராம் கிரேனு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நல்லா சிரிங்க. சிரிச்சு முடிச்சிட்டு யாராவது வந்து இந்தக் காலப் பிடிங்க" என்றேன்.

பிள்ளை பலகையிலிருந்து உருண்டுவிடுவாளோ என்று என் கணவர் அவள் இடுப்பைப் பிடித்தார். முதல் தடவையாக.

நான் இன்னும் காலைத் தொடவில்லை. பாயில் உரசி நின்றுவிடும் அந்தக் கால், பலகையில் தூவியிருந்த வழவழப்பான பவுடரில் சறுக்கிக்கொண்டு முன்னால் போயிற்று. கொஞ்சம்தான். ஒரு கறுப்புக் காயை இடித்து நகர்த்தியது.

"கைய எடு" என்றார் என்னிடம்.

"நான் தொடவே இல்லைங்க."

குனிந்து பார்த்தார். "இன்னொரு தபா தள்ளும்மா. நைனா பாக்குறேன்."

முகம் சிவக்கத் தள்ளினாள். காய் மறுபடி நகர்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "தள்ளுதுயா" என்றான் மாணிக்கம்.

மறுநாள் பூசை முடிந்ததும் அவர் ஒரு பழைய பலகையைத் தோளில் சுமந்து வந்தார். வீட்டிலும் ஆட்டமா என்று கத்தத் தொடங்கினேன். அவர் பவுடரைத் தூவிப் பிள்ளையை அதில் கிடத்தினார். ஆஸ்பத்திரியில் சொன்னபோது, பலமில்லாத காலுக்கு இது ஏற்ற பயிற்சிதான், விடாமல் செய்யுங்கள் என்றார்கள்.

அவர் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. மாதா திருவிழாச் சமயம் மறுபடி கிளப்புக்குப் போனார். நான் சும்மா விடவில்லை. தெருவே கேட்கச் சண்டை போட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. இடுப்பைப் பிடிப்பது இன்றுவரை அவர் வேலை. ஸ்டெல்லா காலில் இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்து போகிறாள்.

இது ஜெபத்துக்குக் கிடைத்த பதிலா, என் ஆத்திரம் செய்த வேலையா என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனால் பவுடரும் பலகையும் அவள் காலுக்கு உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் கேட்டது நெருப்பு. ஆண்டவர் அந்தப் பலகையை எரிக்கவில்லை. என் பிள்ளையை அதன்மேல் கிடத்தினார். அவருக்கு என் நன்றி.

சகோதரிகளே, சீட்டிலோ ஆட்டத்திலோ வீட்டு ஆளைப் பறிகொடுத்துவிட்டு, நோயாளியோடு தனியாகக் கிடக்கிறீர்களா? பொறுமையாக இரு என்பவர்களை ஒரு மணி நேரம் வந்து அந்தக் காலைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு கோயிலுக்கு வந்து என் பக்கத்தில் மண்டியிடுங்கள். கோபத்தை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டாம். அதோடேயே வாருங்கள், அவர் கேட்பார்.