வெண்டல் ஓஸ்ட்ரம் வானொலியில் கொடுத்த வாக்கு

ஆர்லின் க்ரீக்கில் யாரைக் கேட்டாலும் வெண்டல் ஓஸ்ட்ரமைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். சொன்ன சொல் தவறாத மனிதர் என்பது ஒன்று. ஆட்டம் ஜெயிக்கத் தெரியாதவர் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். பதினோரு வருஷம் எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு அவர்தான் கோச். அமெரிக்காவில் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் சோளமும் ஃபுட்பாலும் தவிர மூன்றாவதாக ஒரு பேச்சு கிடையாது. அந்த வருஷம் சோளம் நன்றாகவே விளைந்திருந்தது. ஆகவே ஊர் வாயில் விழுந்தது கோச் ஒருவர்தான்.

அவரும் இதே கல்லூரியில் இதே மைதானத்தில் ஆடியவர். குவார்ட்டர்பேக்காக இருந்தார். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையில் பிடித்து எறிந்துதான் ஆடுவோம்; அது முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். மலை மாதிரி நாலு பேர் தன்மேல் பாய்ந்து வரும்போது, மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்து எறிந்துவிட வேண்டும். ஜெயித்தால் ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். தோற்றால் பலசரக்குக் கடையில்கூட முகம் கொடுத்துப் பேசாது.

வெண்டலின் மூன்றாம் வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, உடை மாற்றும் அறைக் கதவில் அந்த வாரம் ஆடப் போகிறவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி நின்ற பையன்கள் இவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். முதல் வரியில், குவார்ட்டர்பேக் இடத்தில், வேறொருவன் பெயர் இருந்தது. அன்றைய கோச் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையை வெண்டல் முப்பத்தொரு வருஷம் மனதுக்குள் போட்டு மென்றுகொண்டே இருந்தார். தான் ஒருவனுக்கு இடம் கொடுத்தால், ஊர் பேச்சுக்குப் பயந்து அதைப் பிடுங்கமாட்டேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார்.

கோல்பி டீட்ரிக்குக்கு அந்த இடத்தைக் கொடுத்ததும் அப்படித்தான். முந்தைய வருஷம் பையன் ஆறு ஆட்டம் ஜெயித்துத் தந்தான். கடைசி வருஷம் வந்ததும் என்ன ஆயிற்றோ, செப்டம்பர் முடிவதற்குள் அவன் எறிகிற பந்தில் உயிர் இல்லாமல் போய்விட்டது. பிடிக்க ஓடுகிறவனின் காலடியில் சொத்தென்று விழும். இல்லாவிட்டால் எதிரணிக்காரனின் மார்பில் போய் உட்காரும். ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி.

கோல்பிக்குப் பெரிய அணிகளில் ஆடும் கனவெல்லாம் கிடையாது. ஜனவரியில் அவனுக்காக ஒரு வேலை காத்திருந்தது. அவன் அப்பா கேரி சாகும்வரை பார்த்த வேலை அது. பனிப்புயலில் கம்பி அறுந்தால் மின்கம்பத்தில் ஏறிக் கட்டுகிற வேலை. அப்பாவோடு ஏறியவர்கள் இவனுக்கு ஒரு இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். "ஆட்டத்தை முடிச்சிட்டு வாடா, உங்கப்பன் பெல்ட்டு ஆணியிலயே தொங்குது" என்று சொல்லியிருந்தார்கள். கம்பம் ஏறுகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும். இது வெண்டலுக்கும் தெரியும்.

பயிற்சி நாட்களில் குவார்ட்டர்பேக் மட்டும் சிவப்புச் சட்டை போட்டிருப்பான். அந்தச் சட்டை மேல் யாரும் மோதக்கூடாது. யாரும் மோதாத ஒரு திங்கட்கிழமை, இருபதாவது பந்தை எறிந்த பிறகு கோல்பி வலது கையை, ஈரம் உதறுகிற மாதிரி உதறினான். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். துணைக் கோச் ரே பாசெட் அதைக் கவனித்தார்.

"கோச், அவன் கை சரியில்ல. டெனிஸ்கிட்ட ஒரு தடவ காட்டச் சொல்லட்டுமா?"

காயங்களைப் பார்க்கிறவள் டெனிஸ். அவள் தன் தாளில் ஒரு பெயரை எழுதிவிட்டால், டாக்டர் கையெழுத்துப் போடும்வரை அந்தப் பையனால் ஆட முடியாது.

"வலிச்சா அவனே சொல்லுவான் ரே. பச்சக் குழந்தையா அவன்?"

"சொல்லுவான்னு நெனக்கிறீங்க?"

"எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப் போறான்?"

ரே பிற்பாடு இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதுப் பையன்களை உட்கார வைத்து, உடைந்த இரண்டு விலா எலும்போடு ஒரு சீசன் முழுக்க வாயைத் திறக்காமல் தான் ஆடிய கதையைச் சொல்கிறவர் இவர். பையன்கள் கண் விரியக் கேட்பார்கள். கோல்பி நாலு தடவை கேட்டிருக்கிறான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பையன் எந்த வாயோடு வந்து கை வலிக்கிறது என்பான்?

இருந்தும் வந்தான். அதுதான் கொடுமை.

வியாழன் மாலை ஏழு மணிக்கு, பிரதான வீதியில் உள்ள சாப்பாட்டுக் கடையிலிருந்து 'கோச்சோடு ஒரு மணி நேரம்' வானொலியில் போகும். கடை நிரம்பி வழியும். ஆளாளுக்கு ஒரு கிண்ணம் சில்லி என்கிற கறிக் குழம்பு, பக்கத்தில் பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரொட்டி. ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே கோச்சைக் கேள்வி கேட்பார்கள். வீட்டிலிருக்கிறவர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோல்பி தொப்பியைக் கையில் பிடித்தபடி மேசைக்கு வந்தான். பையன்கள் யாரும் அங்கே வரும் வழக்கம் இல்லை.

"கோச், ஒரு நிமிஷம் பேசணும்."

"இப்பவா? ஆரம்பிச்சிருவாங்களேடா. முடிஞ்சதும் பேசுவோம். சாப்பிட்டியா? ஏதாவது வாங்கிச் சாப்பிடு."

கோல்பி சாப்பிடவில்லை. கதவோரமாகப் போய் நின்றுகொண்டான்.

மூன்றாவது அழைப்பு வெர்ஜிலுடையது. ஊரில் ட்ராக்டர் விற்கிறவர். வெண்டலோடு அந்தக் காலத்தில் ஒன்றாக ஆடியவர்.

"வெண்டல், உன் பையன் எறியற பந்த எங்க வீட்டுக் கோழி கூடப் பிடிச்சிரும்யா."

கடை சிரித்தது. வெண்டலும் சிரித்துவைத்தார்.

"உன் கோழிக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆட வயசு இருந்தா அனுப்பி வை வெர்ஜில்."

"கேலி இருக்கட்டும். அவனுக்குப் பதிலா அந்தச் சின்னப் பையன் ஜேஸ எறக்கினா என்ன? அன்னைக்கு உன்ன உக்கார வச்சாரே நம்ம கோச், அவருக்கு இருந்த தைரியம் உனக்கு இல்லையா? உன்ன உக்கார வச்சதுக்கப்புறம்தானே நாம நாலு ஆட்டம் ஜெயிச்சோம்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டார் மனுஷன். வெண்டலின் காது மடல் சிவந்ததைக் கடையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேட்டுக்கோ வெர்ஜில். ஊரே கேட்டுக்கட்டும். நான் இந்த ஊர்ல கோச்சா இருக்கிறவரைக்கும் பன்னெண்டாம் நம்பர் கோல்பிதான் ஆடுவான். அவன எடுக்கணும்னா மொதல்ல என்னைய எடுங்க. என் பையன நான் விட்டுக் கொடுக்கமாட்டேன்."

கடையில் கைதட்டல் எழுந்தது. தோற்கிற கோச்சுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ கோல்பியின் முதுகில் தட்டி, "பாத்தியாடா, ஒனக்காக வேலையவே பணயம் வைக்கிறாரு!" என்றார்கள். பையன் சுவரோடு சுவராக நின்றான்.

எட்டு மணிக்கு எல்லாம் முடிந்து வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது அவன் அங்கேயே நின்றிருந்தான்.

"என்னமோ பேசணும்னியே?"

கோல்பி தொப்பியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். மாற்றும்போது அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான்.

"ஒண்ணுமில்ல கோச். சும்மாதான். தேங்க்ஸ் சொல்லணும்னு நெனச்சேன்."

தேங்க்ஸ் சொல்ல வேண்டிய காரியம் நடப்பதற்கு முன்னாலேயே அதற்காக வந்து காத்து நின்றானாம். வெண்டல் என்ன கணக்குத் தெரியாதவரா? தொப்பி விழுந்ததையும் பார்த்தார். கை வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாடை கழன்றா விழுந்திருக்கும்? கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால், சற்று முன் ஊருக்கே கொடுத்த வாக்கு என்னாவது? அவர் அவன் தோளைத் தட்டி, "போய் நல்லா ஓய்வெடு" என்றார். வெளியே வந்தபோது மனம் லேசாக இருந்தது. அந்த லேசுக்காகத்தான் பிற்பாடு தன்னையே அவர் வெறுத்தார்.

மறுநாள் காலை காபி ஊற்றும்போது மனைவி மார்லீன் கேட்டாள்.

"நேத்து அந்தப் பையனுக்காகப் பேசினீங்களா, ஒங்களுக்காகப் பேசினீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வெண்டல்.

சனிக்கிழமை அந்த வருஷத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். கடைசி வருஷப் பையன்கள் ஒவ்வொருவராகப் பெற்றோரின் கையைப் பிடித்து மைதானத்துக்குள் நடந்து வருவார்கள், ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரைச் சொல்வார்கள். கோல்பியின் அம்மா ரோண்டா நூறு மைல் வண்டி ஓட்டி வந்திருந்தாள். அவள் அவனுடைய வலது பக்கம் வந்தபோது அவன் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் இடது கையைக் கொடுத்தான். வெண்டல் அதையும் பார்த்தார்.

முதல் பாதியில் இருபது புள்ளி பின்தங்கினார்கள். இடைவேளையில் ரே காதோரம் சொன்னார்.

"போதும் கோச். ஜேஸ எறக்கிருவோம். யாரு கேக்கப் போறா?"

வெண்டலுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவனிடம் சொல்லாமல் எடுத்தால், தன்னை எடுத்தவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அதனால் ஐம்பது பையன்கள் சுற்றி நிற்க, நேராகக் கோல்பியிடம் போனார்.

"நீ சொல்லுடா. ஆடுறியா, உக்காருறியா?"

பையன் அவரை ஒரு கணம் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. அந்த இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், இருபத்திரண்டு வயசுக்காரன் வேறு எதைச் சொல்வான்?

"ஆடுறேன் கோச்."

தன்னிடம் யாரும் கேட்காத கேள்வியைத் தான் கேட்டுவிட்டதாக வெண்டலுக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தி பதினைந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. கோல்பி எறியக் கையைத் தூக்கினான், கை பாதியில் நின்றது. பந்து விரலிலிருந்து வழுவியது. அதை எடுக்கக் குனிந்தவன் மேல் இரண்டு பேர் பக்கவாட்டில் வந்து விழுந்தார்கள். எழுந்தபோது வலது கை அவனுடையது இல்லாத மாதிரி தொங்கியது. அவன் கத்தவில்லை. டெனிஸ் ஓடினாள். கைதட்டி அனுப்பி வைத்தார்கள். எங்கள் ஊரில் அடிபட்டவனைக் கைதட்டித்தான் அனுப்புவோம்.

கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் நரம்பு. ஐந்து வாரமாகவே நைந்துகொண்டிருந்திருக்கிறது, விரல் மரத்தபோதே ஓய்வு கொடுத்திருந்தால் தேறியிருக்கும் என்றார் டாக்டர். இனி முழங்கை மடங்கும், பிடி வராது. ஒரு குவளையைத் தூக்கலாம். கம்பத்தில் தொங்க முடியாது.

திங்கட்கிழமை கல்லூரி வெண்டலை விடுவித்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், வேலை போனதும் ஊர் அவரை மெச்ச ஆரம்பித்துவிட்டது. வேலையே போனாலும் பையனைக் கைவிடவில்லை பார் என்றார்கள். வெர்ஜில்கூட வீட்டுக்கு வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மருத்துவமனைக்குப் போனார். போகும் வழியில், அறுத்துக் கிடந்த சோளக்காடு முழுக்க, என்ன சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். உள்ளே நுழைந்ததும் ரோண்டா எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"ஊரே என் பிள்ளையத் திட்டுச்சு. நீங்க ஒருத்தர்தான் அவன் பக்கம் நின்னீங்க. அவங்கப்பா இருந்தா ஒங்க கையப் பிடிச்சு அழுதிருப்பாரு."

வெண்டல் அவள் தலைக்கு மேலாகப் பையனைப் பார்த்தார். வலது கை போர்வை மேல் கிடந்தது.

"ஆனா ஒண்ணுதான் எனக்கு ஆறலை கோச்" என்றாள் ரோண்டா. "இவ்வளவு தூரம் ஒங்களுக்குப் பிரியமா இருந்தவன், கை மரத்துப் போகுதுன்னு ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு வாய்வரை வந்தது. கோல்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் அவன் எதையும் சொல்லவில்லை என்பது வெண்டலுக்குப் புரிந்தது. ரோண்டா அவர் முகத்தையே பார்த்து நின்றாள், அவள் கை இன்னும் அவர் கையைப் பிடித்திருந்தது.

"சொல்லியிருந்தா ஒடனே உக்கார வச்சிருப்பேன்" என்றார் வெண்டல்.

"கேட்டியாடா?" என்றாள் ரோண்டா மகனிடம்.

"கேட்டேம்மா" என்றான் கோல்பி. "தப்பு எம்மேலதான் கோச்."

பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ரோண்டா நாற்காலியை இழுத்துப் போட்டு, கோச்சை உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.