கோட்டைக்குள் நான் கைவிட்ட பிள்ளை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றதும் ஆயாவாக வளர்த்ததுமாகப் பதினொரு பிள்ளைகள். ஒன்றையும் பறிகொடுத்தவள் இல்லை. ஒருமுறை பறிகொடுக்கப் பார்த்தேன்.

வெள்ளைக்காரர் காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு துரை குடும்பத்தோடு கப்பலேறிச் சிரியாவுக்குப் போனேன். அங்கே சிலுவைப்போர்க்காரர் கட்டிய மலைக்கோட்டைக்கு ஏறினோம். துரையும் அவர் பெண்சாதி நோனாவும் கோபுரம் பார்க்கப் போனார்கள். குழந்தை என்னிடம் இருந்தது. உள்ளே பழைய கிறிஸ்தவக் கோயிலைக் கண்டதும் என் முழங்கால் தானாக மடிந்தது. ஒரு செபம் சொல்லிக் கண்ணைத் திறந்தால் குழந்தையைக் காணவில்லை.

"பேபி! பேபி!" என்று இருட்டு வழியால் ஓடினேன். அடுத்த முற்றத்தில் சுவரில்லாத கிணறு. அதன் விளிம்பில் குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து கிடந்தது. எட்டிப் பார்க்கக் கால் வரவில்லை.

அப்போது பின்னால் பிள்ளை சிணுங்கியது. கோட்டைக்குள்ளேயே குடியிருந்த ஒருத்தி, தன் அடுப்படியில் நின்று, அதை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மூடிய கையை அதன் தலையைச் சுற்றிச் சுழற்றினாள். சூனியமாக்கும் என்று பயந்து, "விடடி பிள்ளையை!" என்று பாய்ந்தேன். அவள் கையிலிருந்ததை அடுப்பில் எறிந்தாள். படபடவென்று வெடித்தது உப்பு. என் அம்மாவும் அப்படித்தான் கண்ணூறு கழிப்பா.

அவள் கிணற்றைக் காட்டி, என் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். பிறகுதான் பிள்ளையைத் தந்தாள்.

"ஆயா, கன்னத்தில் என்ன?" என்று நோனா கேட்டா.

"குளவி கொட்டினது, நோனா."

அந்த அடி எனக்கு வேணும். இத்தனை வருசமாக அதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பேத்தி ரோசி, நான் சொல்லி நீ எழுதினதை ஒருக்கா வாசி பிள்ளை. அடி வாங்கின இடத்தைக் குரல் தாழ்த்தி வாசிக்காதே.