சரியக்காவின் ஒரு ஓட்டு

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் சரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் 'சரி' என்பாள். மருத்துவமனையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்த பின் சூடான இஸ்திரி உருளைக்குள் செலுத்துவதும், மறுபக்கம் வந்து விழுவதை மடித்து அடுக்குவதும் அவள் வேலை. இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போ என்றால் சரி. இன்றைக்குச் சாப்பாட்டு நேரம் பாதிதான் என்றாலும் சரி. சரி என்றுவிட்டால் பேச்சு அதோடு அறுந்துபோகும், வேலையைப் பார்க்கலாம். கணவன் தையற்காரன். "உன்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் தூக்கக் கலக்கத்துலதான் சரின்னியோ?" என்று அவன்கூடக் கிண்டல் செய்வான்.

முதலாளி வயதாகிவிட்டதால், கூடத்தை மூடிவிட்டு மகளோடு போய் இருப்பது என்று முடிவெடுத்தார். அப்போதுதான் சரியக்காவுக்குத் தலைவலி பிடித்தது. வேலை செய்கிறவர்களே சேர்ந்து கூட்டுறவாக எடுத்து நடத்தலாம் என்று பேச்சு கிளம்பியது. அப்படி ஏற்கெனவே நடந்துவரும் ஒரு ரொட்டிக்கடையிலிருந்து ஓர் அம்மாள் வந்து எல்லோரையும் மூட்டைகளின் மேல் உட்காரவைத்து விளக்கினாள். போட்ட பங்கு பெரிதோ சிறிதோ, ஆளுக்கு ஓர் ஓட்டுதான். பொறுப்பைச் சுமக்கத் தயாராக எவர் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். வெளியாள் யாரும் ஆட்டிவைக்க விடக்கூடாது. ஒரு கூட்டுறவு இன்னொன்றுக்குக் கை கொடுக்க வேண்டும். கடைசியில், "இனிமே நீங்க எல்லாருமே முதலாளிங்கதான்" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். சரியக்காவும் தட்டினாள். தட்டிக்கொண்டே, துவைக்கும் எந்திரத்தில் வேலை பார்க்கும் தன் நாத்தனாரின் காதருகே குனிந்தாள்.

"எல்லாரும் முதலாளின்னா வேலைக்காரங்க யாரு?"

"அதுவும் நாமதான் அண்ணி."

"அப்ப யாரு யாரத் திட்டுறது?"



கூட்டுறவு ஆரம்பித்த சில நாட்களில் சரியக்காவின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. லீவு கேட்க வழக்கம்போல, வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரியின் கண்ணாடி அறைக்குப் போனாள். நாற்காலி காலி. முதலாளி கிளம்பியதுமே, இது கரை சேராத கப்பல் என்று சொல்லி மேஸ்திரி வேறு கூடத்துக்குப் போய்விட்டிருந்தான். காலி நாற்காலிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு, தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்த வண்டி ஓட்டுநரிடம் போய்க் கேட்டாள். அவன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். உன்னோடு உருளையில் நிற்கிறவளிடம் பேசிச் சரிபண்ணிக்கொள் என்றான். சரி என்றாள். ஆனால் யாரும் முகம் சுளிக்காமல் கிடைத்த லீவு அவளுக்கு லீவு மாதிரியே இல்லை. மகளின் நெற்றியில் ஈரத்துணி போடும்போதெல்லாம் ஏதோ திருட்டுத்தனம் பண்ணுவதுபோல இருந்தது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் மேஸ்திரி திரும்பி வந்தான். போன இடத்தில் ஆட்குறைப்பு. உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்று வாசலில் நின்றான்.

கூடமே இரண்டுபட்டது. மேஸ்திரி ஒருமுறை, துண்டு ஒன்று காணவில்லை என்று எல்லோர் முன்னாலும் நாத்தனாரின் பையைத் தரையில் கொட்டிக் கிளறியவன். துண்டு பிறகு உலர்த்தும் எந்திரத்துக்குள்ளேயே கிடைத்தது. அவன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அன்று நாத்தனார் குந்தி உட்கார்ந்து தன் சாமான்களைப் பொறுக்கியபோது, சரியக்கா உருளையைவிட்டு நகராமல் நின்றிருந்தாள்.

வேண்டாம் என்றவர்கள் அவளிடம் வந்து, நம்ம பக்கம் கை தூக்கு என்றார்கள். சரி என்றாள். கதவைச் சாத்த நமக்கு உரிமையில்லை என்றவர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் சரி என்றாள். கூட்டத்துக்கு முன்தினம்தான், இருப்பது ஒரே ஓட்டு என்பது அவளுக்கு உறைத்தது. கணவனிடம் சொன்னாள். அவன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பேசாம ரெண்டு கையையும் தூக்கிடு" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அதே கூரையின் கீழ் இருக்கும் நாத்தனாரோ இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கூட்டத்தன்று மேஸ்திரியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஓட்டுநர் கேட்டான், யாராவது பேசுகிறீர்களா என்று. இரண்டு பக்கத்தவர்களும் சரியக்காவைப் பார்த்தார்கள். எழுந்தாள். எழுந்த பிறகுதான் சொல்ல எதுவும் இல்லை என்று தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேன், அது தப்பு. அந்த ரொட்டிக்கடை அம்மா சொன்னதும் நியாயமாத்தான் படுது. ஆனா அன்னைக்கு இவ பைய அவர் கொட்டினாரே, அது இன்னும் என் கண்ணுல நிக்குது. அதனால நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."

பிறந்ததிலிருந்து அவள் சபையில் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தாள். நாத்தனார் தன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள்.

சேர்க்கலாம் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னான் ஓட்டுநர். பக்கத்தில் நாத்தனாரின் கை மேலே போனது. சரியக்கா அந்தக் கையையே பார்த்தாள். கைகள் எண்ணப்பட்டன. கொஞ்சம் வித்தியாசத்தில் மேஸ்திரி உறுப்பினரானான்.

வெளியே வந்ததும் நாத்தனாரை மடக்கினாள். "உனக்காகத்தானடி நான் வேணாம்னேன்!"

"தெரியும் அண்ணி. எனக்கு அதுவே போதும்," என்றாள் அவள். "கோவத்துக்கு ஒருத்தரத் தடுத்தா நாளைக்கு என் மேல கோவப்படுறவங்களும் அதையே செய்வாங்க. அதான். இப்பவும் அவர் மூஞ்சியப் பாத்தா எனக்கு எரியத்தான் செய்யுது."

இதில் யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று சரியக்காவுக்குப் பிடிபடவில்லை. தோற்றவள் என்றால் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. தான் நினைத்தது நடக்கவில்லை என்றாலும், தான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்தார்கள் என்பது மட்டும் வாயில் போட்ட கல்கண்டு மாதிரி சீக்கிரத்தில் கரையாமல் கிடந்தது.

மறுவாரம் மேஸ்திரியை உருளைப் பக்கம் போட்டார்கள். விரிப்பை மடிக்க ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையில் அவன் நின்றான். அவளைப் பார்க்காமலே வெடுக்கென இழுத்தான். அவள் கையிலிருந்த மூலைகள் நழுவின.

"அவ்வளவு இழுக்க வேணாம்," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். பிறகு பிடியைத் தளர்த்தி, அவள் பக்கமாக ஓரடி நெருங்கி வந்தான். விரிப்பு நேராக மடிந்தது. அடுத்ததை எடுத்தார்கள்.