எள்ளளவு வெட்டு

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டியவன், பதினைந்து வருஷத்தில் திருவள்ளூர் பஜாரில் சொந்த ஸ்டூடியோ போட்டேன். யாரும் கை தூக்கிவிடவில்லை. இந்தப் பக்கம் பாதிப் பேருடைய கல்யாண ஆல்பம் என் கையால் எடுத்தது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவேன், என்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்த வருஷம் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஒரு பழைய கேமராவை ரிப்பேர் பார்க்கப் போனதில் வந்த வினை அது.

ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் பிலிம் கேமரா மக்கர் செய்தது. பிலிமை நகர்த்துகிற லீவரை இழுத்தால், பல் இல்லாத வாய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. டிஜிட்டல் கேமராவும் வைத்திருக்கிறேன், இல்லாமல் இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பு ஆலை இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்து முடித்ததும், தொழிலாளர்கள் எல்லோரையும் கேட்டுக்கு முன்னால் நிற்கவைத்து நான் பிலிமில் ஒரு படம் எடுப்பேன். இருபத்தெட்டு வருஷமாக ஒரு வருஷம் விட்டதில்லை. போன தடவை முதலாளி, "செல்போன்லயே எடுத்துக்கலாமே பெரியவரே" என்று இழுத்தார். "நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் பிலிம்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். பிலிம் கேமரா இல்லாமல் போனால் அந்தக் கேட்டுக்குள் எனக்கு வேலை இல்லை.

எனக்கு அந்தக் கேட்டுக்குள் போயாக வேண்டும். காரணம், பின்வரிசையில் கடைசி ஆளாக நிற்கிற என் மனைவியின் தம்பி.

அவன் என்னிடம் பேசி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. முன்பு என்னோடு கல்யாணங்களுக்கு வந்து லைட் பிடித்துக்கொண்டிருந்தவன். ஒரு கல்யாண மண்டபத்தில் கேமரா பையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் கைகழுவப் போனேன். திரும்பி வந்தால் பை இருக்கிறது, கேமரா இல்லை. லேத் பட்டறைச் சம்பளத்தில் வயிற்றைக் கட்டி வாங்கிய முதல் கேமரா. "நான் எடுக்கல மாமா" என்றான். நான் நம்பவில்லை. மறுநாள் என் வீட்டு வாசலில் தெரு முழுக்கப் பார்க்க பெல்ட்டால் அடித்தேன். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்வீட்டுக்காரர்கள் திருட்டுக்கை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றைக்குப் போனவன்தான். வார்ப்பு ஆலையில் சேர்ந்து, வேறு இடத்தில் கல்யாணம் கட்டி, தேர்வாய் கண்டிகைப் பக்கம் குடிபோனான். அவன் என் வாசல் மிதிக்கக் கூடாது, என் மனைவி அவன் வாசல் மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னது சொன்னதுதான். மாமியார் செத்தபோதுகூட ஆளுக்கொரு மூலையில்தான் நின்றோம்.

ஒவ்வொரு வருஷமும் நான் ஷட்டரை அழுத்துகிற நேரத்தில் அவன் தலையைத் திருப்பிக்கொள்வான். இருபத்தெட்டுப் படத்திலும் அவன் காதுதான் இருக்கிறது. என் மனைவி ஒவ்வொரு வருஷமும் பிரிண்டை வாங்கி அந்தக் காதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். இந்த வருஷம் அவன் ரிட்டயர் ஆகிறான். கேமரா கெட்டுப்போன அன்றைக்கு அவள் சொன்னாள்:

"இதான் கடைசி. இந்த வாட்டியாவது அவன் மூஞ்சி தெரியற மாதிரி எட்த்துக்கினு வா. உன்ன வேற ஒண்ணும் கேக்கல."

சென்னையில் எனக்குத் தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவர் மிச்சம் இருக்கிறார். கேமராவின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பல்சக்கரம் தேஞ்சிபோச்சுங்க. ஸ்பேர் எவன் செய்றான் இப்போ? இதே மாடல்ல ஓடாத கேமரா ஒண்ணு கொண்டாங்க. அதுலருந்து உருவி இதுல போட்டுர்லாம்."

ஆன்லைனில் அந்த மாடலுக்குச் சொல்கிற விலையில் பழைய மொபெட் ஒன்று வாங்கிவிடலாம். நான் அப்படியெல்லாம் காசை இறைத்து மேலே வந்தவன் இல்லை. கவரைப்பேட்டையில் இருக்கிற கூட்டாளியின் நினைவு வந்தது. நாற்பது வருஷப் பழக்கம். அவனும் போட்டோகிராபர். எங்கள் பக்கம் அப்போது எல்லோரும் வைத்திருந்தது அந்த ஒரே மாடல்தான். இப்போது தொழிலை விட்டுவிட்டு மகனுடைய செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

"பரண்ல ஒண்ணு கெடக்குதுடா, எட்த்துக்கினு போ" என்றான். "துட்டு கிட்டு எடுத்த, ஒதப்பேன்."

வீட்டுக்குக் கூட்டிப்போய் நாஷ்டா போட்டு, மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான். சீட்டு கிடைத்ததும் கேமராவை வெளியே எடுத்தேன். புது ரெக்ஸின் ஒட்டியிருந்தது. பின்மூடியைத் திறந்தேன். உள்ளே வெளிச்சம் புகாமல் ஒட்டுகிற பஞ்சு கரைந்து தார் மாதிரி ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்தேன். பிலிம் படிகிற சட்டத்தின் கீழ் மூலையில் ஒரு வெட்டு இருந்தது. எள்ளளவு. முக்கோணம்.

அதை வெட்டியவன் நான். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் எல்லோருடைய ரோலும் ஒரே லேபுக்குத்தான் போகும். ஒரு தடவை ரோல் மாறிப்போய்ப் பெரிய பேஜாராகிவிட்டது. நான் பட்டறையில் அரம் பிடித்தவன் ஆயிற்றே. என் முதல் கேமராவில் சட்டத்தின் ஓரத்தை முக்கோண அரத்தால் லேசாக ராவிவிட்டேன். அதற்குப் பிறகு என் நெகட்டிவ் ஒவ்வொன்றிலும் படத்துக்கு வெளியே ஒரு கறுப்பு எள்ளு விழும். எந்தக் குவியலில் கலந்தாலும் என் ரோலை நான் எடுத்துவிடுவேன். என் மூளை யாருக்கு வரும் என்று இருந்த பெருமையில் இந்த ரகசியத்தை எவனிடமும் சொல்லவில்லை. தெரிந்தவன் ஒரே ஒருத்தன்தான். அன்றைக்கு எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற மச்சான்.

பஸ் பெரியபாளையத்தில் வெகுநேரம் நின்றதாக நினைவு. கண்டக்டர் எதையோ கேட்டார், நான் எதையோ சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். கேமரா திருட்டுப்போன அடுத்த மாதம் என் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். என் கையில் கேமரா இல்லை. இந்தக் கூட்டாளிதான் தானாக வந்து முழு ரோலும் எடுத்து, பைசா வாங்காமல் பிரிண்டும் நெகட்டிவும் கவரில் போட்டுக் கொடுத்தான். கண்ணில் தண்ணீர் விட்டு வாங்கினேன். பிரிண்டை ஆல்பத்தில் ஒட்டினேன். நெகட்டிவ் கவரைப் பிரித்ததே இல்லை. இப்போது பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என் பெண் மொட்டைத்தலையோடு அழுகிறாள். பக்கத்தில் கறுப்பு எள்ளு. ஆசாரி குனிகிறார். எள்ளு. என் மனைவி சிரிக்கிறாள். எள்ளு. என் கேமராவாலேயே என் வீட்டு விசேஷத்தை எனக்கே தானம் செய்திருக்கிறான். முப்பத்திரண்டு வருஷமாக என் பீரோவிலேயே சாட்சி இருந்திருக்கிறது, நான் ஒரு தடவை கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கவரைப்பேட்டையில் இறங்கினேன். கடையில் தனியாக இருந்தான்.

"டேய், இது யாருதுடா?"

"இன்னாடா கேள்வி? என்துதான்."

பின்மூடியைத் திறந்து மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். "இந்த வெட்டு நான் அரத்தால போட்டது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தான். இல்லை என்று சாதிப்பான், சட்டையைப் பிடிக்கலாம் என்று நான் தயாராக நின்றேன். அவனோ, பழைய ஆள் ஒருத்தருடைய பேர் ஞாபகம் வந்த மாதிரி, "ஐய, ஆமால்ல" என்றான்.

அவனுக்கு மறந்தேபோயிருக்கிறது. மறைத்து வைத்திருந்தால்கூட எனக்கு இந்த அளவு எரிந்திருக்காது.

"பொன்னேரில ஒரு கல்யாணம் ஒத்துக்கினு இருந்தேன்டா" என்றான். "என் கேமரா ரிப்பேருக்குப் போய்க்கீது. உன்ன கேட்டா குடுப்பியா நீ? என் கேமராவ எவனும் தொடக்கூடாதுன்னு சொல்லிக்கினு திரிஞ்சவன். அன்னிக்கி மண்டபத்துக்கு நானும் சாப்பிட வந்திருந்தேன்ல, மச்சான் அந்தாண்ட திரும்பின நேரம், முடிச்சிட்டு மறுநாளே வெச்சிர்லாம்னு எட்த்தேன்."

"வெக்கலயே."

"வந்தேன். பையில போட்டுக்கினு உன் தெரு முனைக்கே வந்தேன். நீ மச்சான வாசல்ல போட்டு பெல்ட்டால அடிச்சிக்கினு இருக்கற. அந்த நேரத்துல எட்த்து நீட்டியிருந்தா என்ன உசுரோட உட்டிருப்பியா?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

"காதுகுத்துக்கு இதுலயே வந்து எடுத்தியேடா, பாவி."

"உன்கிட்ட கேமரா இல்லியே, பாவமா கீதேன்னுதான் வந்தேன்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னான். எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே "டேய், டீயாவது குட்ச்சிட்டு போடா" என்று குரல் வந்தது.

பஸ்ஸில் வரும்போது அவனைத் திட்டுவதற்கு வார்த்தை தேடினேன். ஒவ்வொரு தடவையும் தெரு முனையில் அவன் நின்ற இடமும், அங்கிருந்து அவன் பார்த்த என் கையும்தான் முன்னால் வந்தன.

ரிப்பேர்காரரிடம் இரண்டு கேமராவையும் கொண்டுபோய் வைத்தேன். "எது ஓடணும், எதப் பிரிக்கணும்னு சொல்லுங்க" என்றார். முப்பத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டது திருட்டுக்குப் பிறகு வாங்கிய இரண்டாவது கேமரா. எனக்குக் குற்றம் என்று எதுவும் செய்யாதது. வெட்டு இருப்பதை ஓடவையுங்கள் என்றேன். அதில் ஷட்டர் திரை கிழிந்திருந்தது; அவர் என் கண்முன்னாலேயே மற்றதிலிருந்து திரையை உருவினார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆயுத பூஜையன்று கேட்டுக்கு முன்னால் எல்லோரும் வரிசை கட்டினார்கள். பூசணிக்காய் உடைத்த சிவப்பு தரையில் காயவில்லை. அவன் வழக்கம்போல பின்வரிசையில் கடைசியாக நின்றான். நான் ரோல் மாட்டவில்லை. நேராக அவனிடம் போனேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்மூடியைத் திறந்து நீட்டினேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது.

அவன் கேமராவைக் கையில் வாங்கவில்லை. ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டு நகத்தால் அந்த மூலையைத் தடவினான்.

"எங்க கெடந்துச்சு?"

கூட்டாளியின் பேரைச் சொன்னேன்.

"அவரா?" என்றான். விரலை வெளியே எடுத்துக்கொண்டு, "அடி வாங்கின அன்னிக்கி சாயங்காலம் அவருதான் என்ன ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனாரு" என்றான்.

எனக்கு அது தெரியாது.

"அக்காகிட்ட சொல்ட்டியா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல அங்க சொல்லு" என்றான். மாமா என்று சொல்லவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

ரோல் மாட்டி நான்கு படம் எடுத்தேன். இந்த மாதிரி கேமராவில் ஷட்டர் விழுகிற நொடியில் கண்ணாடி மேலே போய்விடும், எடுக்கிறவன் கண்ணுக்கு இருட்டுதான். அவன் திரும்பினானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ரோல் கழுவி வந்தது. மூன்று படத்தில் காதுதான். நான்காவதில் அவன் நேராகப் பார்க்கிறான். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஓரம் வெட்டாமல் அப்படியே பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி வாங்கிவந்தேன்.

என் மனைவி பிரிண்டை இரண்டு கையாலும் வாங்கினாள். "இது இன்னா, ஓரத்துல பிசிறு மாதிரி?" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தெரு முனையில் கூட்டாளி நின்றது, காதுகுத்து, ஒன்றையும் விடவில்லை. அவள் படத்தை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

"அவன் எடுக்கலன்னு நான் அன்னிக்கே உன் கையப் புட்ச்சிக்கினு சொன்னேன்" என்றாள். "அதுக்கு வெட்டு வேணுமா?"

அவள் கட்டைவிரலால் அந்த முகத்தை மெதுவாகத் துடைத்தாள், தூசு படிந்திருக்கிறது என்று நினைத்த மாதிரி.

"முடியெல்லாம் நரச்சிபோச்சே" என்றாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள். தேர்வாய் கண்டிகைக்கு எந்த பஸ் என்று என்னைக் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று எழுந்தேன்.

"நீ இரு" என்றாள்.