பின்கதவும் ஸ்ட்ராட்டஜிக்கலியும்

மடுகரைச் சிங்காரவேலுவின் வீட்டுக்கு வாசற்கதவு பிரெஞ்சு மண்ணில், பின்கதவு இங்கிலீஷ் மண்ணில். எல்லைக்கல் நட்டவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை. வீடு கட்டியவர்கள் கல்லைப் பார்க்கவில்லை. கிணறும் மாட்டுக் கொட்டகையும் பின்பக்கம் இருந்ததால் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அவன் எல்லை தாண்டினான். கடத்தியது தண்ணீரும் சாணமும்தான்.

1936 தை மாதம், இங்கிலீஷ் பக்கத்துச் சுங்க இன்ஸ்பெக்டர் ஒரு காகிதம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாராம். கடத்தல் சந்தேகம் தீராவிட்டால் பின்கதவுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிடுவாராம். இதைத் தமிழில் சொன்னார். காரணம் மட்டும் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

கடலூரில் மெட்ரிக் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் தணிகைவேலுவிடம் சிங்காரவேலு ஓடினான்.

"வூடு 'ஸ்ட்ராட்டஜிக்கலி' அமைஞ்சிருக்குதுன்னு எழுதியிருக்காரு மாமா."

"அப்டின்னா இன்னாடா? நல்லதா, கெட்டதா?"

தணிகைவேலு தலையைச் சொறிந்தான். பரீட்சைக்குத் தெரிந்திருந்த வார்த்தை, ஒரு மனுஷன் கேட்டதும் நழுவியது. "கடைசியில 'லி' வந்தா, எப்படின்னு சொல்ற வார்த்தை. நம்ம 'ஆக' மாதிரி. வேகமாக, அழகாக..."

"இது எப்படியாக?"

"சண்டையில எதிரிய மடக்கத் திட்டம் போட்டு வெக்கிற மாதிரி, தோதாக."

"என் வூட்டுல இன்னாடா சண்டை?" என்றவன், மனைவி விருத்தாம்பாளை நினைத்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"சண்டை இல்லாமலும் வரும். ஆனா யோசனை இருக்கணும். பதறி ஓடினா இந்த வார்த்தை ஆகாது மாமா. யோசிச்சு ஓடினாத்தான்."

"நான் எதைடா யோசிச்சு செஞ்சேன்? அத எழுதிக் குடு!"

"ஊருக்கே தெரியும். ஆனா அவருக்கு சாட்சி வேணுமே."

வெள்ளிக்கிழமை காலை, வாசலில் ஊறிய விதைநெல் கூடைக்குக் காவலாக உட்கார்ந்து, இன்ஸ்பெக்டருக்குச் சொல்லவேண்டிய பதிலைச் சிங்காரவேலு மனப்பாடம் செய்தான். ஆடு வந்ததைக் கவனிக்கவில்லை. விருத்தாம்பாள் கவனித்தாள்.

"யோவ்! கூடையில ஆடு வாய வெச்சிருக்குது, பாத்துக்கினு குந்தியிருக்கியா? நில்லுய்யா!"

அவன் நிற்கவில்லை. வீட்டைக் குறுக்கே கடந்து, பின்கதவால் பாய்ந்து, அங்கே நோட்டும் கையுமாக நின்ற இன்ஸ்பெக்டரையும் தாண்டி, எருக்குழிக்குள் இடுப்பளவு இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் குழியைப் பார்த்தார். பாதிக் கூடையோடு வந்து நின்ற விருத்தாம்பாளையும் பார்த்தார்.

"எங்கய்யா ஓடின?"

"தெரியலிங்க."

"இங்க குழி இருக்கிறது தெரியாதா?"

"நான்தாங்க வெட்டினேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, நோட்டில் 'ஸ்ட்ராட்டஜிக்கலி' என்ற ஒரே வார்த்தையை அடித்தார். வீடு அமைந்திருக்கிறது என்பது மட்டும் மிஞ்சியது. அதற்காக யாரும் சுவர் வைக்க முடியாது.

"அய்யா, அந்த வார்த்தை..."

"உனக்குப் பொருந்தாதுய்யா."

சிங்காரவேலுவுக்குப் போன உயிர் வந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

"ஏறி வாய்யா," என்றாள் விருத்தாம்பாள். "ஆடு இன்னும் அங்கியேதான் நிக்குது."